இருபத்தேழாம் எண்

அந்த ஆஸ்பத்திரியில் அவருக்கு 'அகராதி' என்று பெயர். முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டார், உள்ளுக்குள் குளிர்ந்துதான் போவார். டாக்டரிலிருந்து துப்புரவுப் பணியாளர் வரை அறுநூறு பேருடைய பெயர், பிரிவு, அறை, தொலைபேசி எண் எல்லாம் அடங்கிய டைரக்டரி சர்வரை இருபது வருஷமாகப் பார்த்துக்கொள்கிறவர் அவர். யாரைப் பற்றிக் கேட்டாலும் திரையைப் பார்க்காமலே சொல்வார். அதனால்தான் தன்னை அகராதி என்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். 'அகராதி பிடித்தவன்' என்று ஒரு பேச்சு இருப்பது அவருக்குத் தெரியாதா என்ன? நன்றாகவே தெரியும். அது தனக்குப் பொருந்தும் என்று மட்டும் ஒரு நாளும் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றும்!

அடுத்தவருக்குப் பட்டப்பெயர் வைப்பதில் மனுஷர் கெட்டிக்காரர். சும்மா சொல்லக் கூடாது, ஒரு தடவை ஆளைப் பார்த்தால் போதும், பெயர் வாயில் வந்து விழும். அது அப்படியே ஒட்டிக்கொள்ளும். கேண்டீனில் அவர் மேஜையைச் சுற்றி எப்போதும் நாலு பேர் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

அன்று காலை அவர் பக்கத்து நாற்காலியில் இருந்த பெண்மணியை அவர் 'எக்ஸ்சேஞ்ச்' என்று கூப்பிடுவார். நாற்பத்தைந்து வயது. பதினோரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் "வணக்கம், யார்கிட்ட பேசணும்?" என்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வேலை முடிந்த பிறகு தானாகவே படித்து, பரீட்சை எழுதி, மூன்று மாதத்துக்கு முன் இந்தப் பிரிவுக்கு வந்தவர். வந்தவரை நிரந்தரமாக வைத்துக்கொள்வதா, திருப்பி எக்ஸ்சேஞ்சுக்கே அனுப்புவதா என்று அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு முடிவாகும். கண்காணிப்பாளர் அம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்திருந்தார். டைரக்டரியில் 'அவசர எண்' என்று புதிதாக ஒரு ஃபீல்டு சேர்க்க வேண்டும், டியூட்டியில் இருக்கிறவரின் அவசர எண் எல்லோருடைய போன் திரையிலும் தெரிய வேண்டும். அசல் சர்வரின் நகலில் அதைச் செய்து காட்டிவிட்டால் வேலை அவருக்கு; பன்னிரண்டு மணிக்கு அது அப்படியே அசலுக்கும் போய்விடும்.

செய்து காட்ட வேண்டியவர் எக்ஸ்சேஞ்ச் அம்மா. மேற்பார்வை அகராதி. கேட்கவா வேண்டும்?

டைரக்டரியில் புதிதாக ஒரு ஃபீல்டு சேர்ப்பது சும்மா ஒரு கட்டம் போடுகிற காரியம் இல்லை. ஸ்கீமா என்று ஒரு கோப்பு உண்டு. இன்ன ஃபீல்டு, அதற்கு இன்ன எண், அதில் எழுத்து வருமா இலக்கம் வருமா, ஒன்று வருமா பல வருமா என்று அதில் வரையறுத்து எழுத வேண்டும். எழுதியதில் ஒரு புள்ளி பிசகினாலும் சர்வர் எழுந்திருக்காது.

ஒன்பதரைக்கு எழுந்திருக்கவில்லை.

"அடைப்புக்குறி திறந்திருக்கீங்க, மூடினீங்களா?" என்றார் அகராதி, நாற்காலியில் சாய்ந்தபடியே.

"அய்யோ, ஆமா சார்." அவர் மூடினார்.

மறுபடியும் எழுந்திருக்கவில்லை. எட்டாவது வரியில் பிழை என்றது. அந்த அம்மா வரியை மூன்று முறை விரல் வைத்துப் படித்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அகராதிக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. ஆனால் சொல்லவில்லை. டீயை ஆற அமரக் குடித்து முடித்துவிட்டுத்தான் சொன்னார்.

"மேல் வரி நீளமாப் போச்சுன்னு மடக்கிக் கீழ எழுதியிருக்கீங்கல்ல, அந்த வரி ஆரம்பத்துல ஒரு இடம் விடணும். விடலைன்னா அதைப் புது வரின்னு நினைச்சுக்கும். எக்ஸ்சேஞ்சுல 'ஒரு நிமிஷம் லைன்ல இருங்க'ன்னு சொல்வீங்கள்ல? அதே மாதிரிதான். சொல்லாம விட்டா எதிராளி போனை வச்சுடுவான்." சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. இடம் விட்டுத் திருத்தினார். அதற்குள் அகராதி தன் கம்ப்யூட்டரில் கண்காணிப்பாளருக்கு ஒரு மெயில் தட்டி, நாலு பேருக்கு நகலும் போட்டு அனுப்பிவிட்டார். 'வரையறைகளைக் கவனக்குறைவாக எழுதியிருப்பதால் தாமதம் ஆகிறது. இந்த வேலைக்கு இன்னும் பக்குவம் போதாது என்பது என் கருத்து.' கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை என்றுதான் அவர் தனக்குச் சொல்லிக்கொண்டார். உண்மையைச் சொல்வதில் என்ன தப்பு?

மூன்றாவது தடவை சர்வர் வேறு மாதிரி அழுதது. அந்த அம்மா திரையை உரக்கப் படித்தார்.

"இருபத்தேழாம் எண் ஏற்கெனவே இருக்கு. 'பட்டப்பெயர்' என்கிற ஃபீல்டு அதை வச்சிருக்கு."

அகராதி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஒவ்வொரு ஃபீல்டுக்கும் ஒரு எண் உண்டு என்றேனே, அந்த எண்களை அந்தப் பிரிவில் ஒரு நீல அட்டை நோட்டில் எழுதி வைப்பார்கள். யார் எடுத்தது, எதற்கு எடுத்தது, என்ன தேதி என்று மூன்று பத்திகள். இருபத்தாறு வரை வரிசையாக எழுதியிருந்தது. இருபத்தேழு காலி. அதனால் அந்த அம்மா இருபத்தேழை எடுத்திருக்கிறார். நியாயம்தானே?

ஆனால் இருபத்தேழு காலி இல்லை. பத்து வருஷத்துக்கு முன்னால், வேலை இல்லாத ஒரு மத்தியானத்தில், அகராதியும் இப்போது வெளிநாட்டில் இருக்கும் அவருடைய நெட்வொர்க் சிநேகிதரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு 'பட்டப்பெயர்' என்று ஒரு ஃபீல்டை உண்டாக்கினார்கள். நோட்டில் எழுதவில்லை. எழுதுகிற காரியமா அது! யாரும் திறக்காத ஒரு பழைய கோப்பின் அடியில் வரையறையைச் செருகிவிட்டு, டைரக்டரியில் ஆள் ஆளாகத் தேடிப் பெயர் எழுதினார்கள். சிநேகிதர் வெளிநாடு போனதும் அகராதிக்கு அது மறந்தே போயிற்று. மறந்து போயிற்று என்பது எவ்வளவு வசதியான வார்த்தை!

"யாரோ பழைய ஆள் போட்டிருப்பாங்க," என்றார். குரல் அவருக்கே பிடிக்கவில்லை. "நீங்க இருபத்தெட்டு போட்டுட்டுப் போங்க. நேரம் ஆகுது."

அந்த அம்மா ஒன்றும் கேட்காமல் இருபத்தெட்டு போட்டார். சர்வர் எழுந்தது. மேஜை மேல் சோதனைக்கென்று வைத்திருந்த போனை எடுத்து, ஸ்டோர் கீப்பருடைய பெயரைத் தட்டினார். பெயர், பிரிவு, அறை வந்தது. அவசர எண்ணும் வந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரியும் வந்தது.

பட்டப்பெயர்: பெருச்சாளி.

அகராதி போனையே பார்த்துக்கொண்டிருந்தார். டைரக்டரி அன்றுதான் முதன்முதலாக எல்லோருடைய போனுக்கும் போகப்போகிறது; போன் திரையில் எந்தெந்த ஃபீல்டு காட்ட வேண்டும் என்று அமைத்தது அவர்தான். ஒவ்வொன்றாக எழுதச் சோம்பல்பட்டு, 'எல்லாம்' என்று பொருள்படும் நட்சத்திரக் குறி ஒன்றைப் போட்டிருந்தார். என்றைக்கும் அப்படித்தான் போடுவார்.

"பன்னெண்டு மணிக்கு இப்படியே போச்சுன்னா அறுநூறு பேர் போன்லயும் இது வரும் சார்," என்றார் அந்த அம்மா.

"நட்சத்திரத்தை எடுத்துட்டு வேண்டிய ஃபீல்டை மட்டும் எழுதிடறேன். அது தெரியாது."

"தெரியாது. ஆனா இருக்குமே சார்."

அகராதி கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். "சரி, அழிச்சுடுவோம். மொத்தமா ஒரே கமாண்டு. ரெண்டு நிமிஷம்."

அந்த அம்மா நீல நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து அவர் பக்கமாகத் தள்ளினார். அதில் மூன்று விதிகள் எழுதியிருந்தன. எண்ணை எடுத்தால் உடனே நோட்டில் எழுத வேண்டும். ஒரு முறை எடுத்த எண்ணை, ஃபீல்டே போனாலும், வேறு எதற்கும் கொடுக்கக் கூடாது. ஆட்களைப் பற்றிய தகவலை அழிப்பதானால் பட்டியல் அச்சடித்துக் கண்காணிப்பாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்.

"விதி எழுதினது நீங்கதான் சார்," என்றார் அந்த அம்மா, மெதுவாக.

அவருடைய கையெழுத்துதான். முத்து முத்தான கையெழுத்து. புதிதாக வருகிறவர்களை இதை வைத்துத்தான் அவர் மிரட்டுவார்.

பட்டியல் அச்சுப்பொறியிலிருந்து வந்தது. முப்பத்தொரு பெயர். அகராதி அங்கேயே நின்று அவசர அவசரமாக ஓட்டிப் பார்த்தார், ஒரு பெயரைத் தேடித்தான். 'அழுமூஞ்சி' என்று சொல்லிச் சிரித்தது நன்றாக ஞாபகம் இருந்தது. எக்ஸ்சேஞ்சில் சேர்ந்த புதிதில் கண்ணைத் துடைத்துக்கொண்டே கால் இணைத்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு, இப்போது பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கு, வைத்த பெயர். மேலிருந்து கீழே பார்த்தார், கீழிருந்து மேலே பார்த்தார். இல்லை. அப்பாடா! இவளுக்கு எழுதாமல் விட்டிருக்கிறோம், தப்பித்தோம். அந்த நிம்மதியை நினைத்தால் பின்னால் அவருக்கு உடம்பே கூசும். அந்த நேரத்தில் அது நிம்மதியாகத்தான் இருந்தது.

கண்காணிப்பாளர் அறை இரண்டாவது மாடியில், வராந்தாவின் கோடியில். வழியில் ஸ்டோர் கீப்பர் எதிரே வந்தார். "என்ன சார், காகிதமும் கையுமா? யாருக்கு இன்னிக்குப் பேர் வச்சீங்க?" என்று தோளில் தட்டினார். பத்து வருஷமாக அவர் மேஜையில் உட்கார்ந்து சிரிக்கிற மனுஷர். பெருச்சாளி பட்டியலில் நாலாவது. அகராதி காகிதத்தை மடித்துக்கொண்டு, பல்லைக் காட்டிவிட்டு நகர்ந்தார்.

கண்காணிப்பாளர் அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டியலை வாங்கினார். "என்ன இது, அழிக்கறதுக்கா?"

"ஆமா மேடம். பழைய ஃபீல்டு ஒண்ணு. வேண்டாததுதான். ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா..."

அவர் போடவில்லை. படித்தார். மனுஷி எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர் இல்லை. அகராதி மேஜையின் கண்ணாடி மேல் தெரிந்த தன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றார். பூசணி. ஒட்டகம். பெருச்சாளி. காலைச் சாய்த்து நடக்கும் பிசியோதெரபிஸ்டுக்கு நொண்டிக் கொக்கு. எக்ஸ்ரே உதவியாளருக்குக் கரிக்கட்டை. கேண்டீனில் அத்தனை சிரிப்பு மூட்டிய சொற்கள் அந்த வெள்ளைத் தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக வெறும் வசவாக நின்றன. ஒன்றில்கூடச் சிரிப்பு இல்லை.

ஒன்பதாவது வரியில் பேனா நின்றது.

"சிடுமூஞ்சி," என்று வாய்விட்டுப் படித்தார். "நானா?"

அகராதிக்குக் காது மடல் எரிந்தது.

கண்காணிப்பாளர் பேனாவைக் கீழ் வரிகளுக்கு நகர்த்தினார். இருபத்திரண்டில் மறுபடியும் நின்றார். இந்தத் தடவை நீண்ட நேரம்.

"பல்லின்னு போட்டிருக்கு. நம்ம வார்டு உதவியாளர். இவர் தவறிப் போய் ரெண்டு வருஷம் ஆச்சே."

"ஆமா மேடம். கணக்கு மூடாம இருந்திருக்கு."

"உங்க அப்பா இங்க அட்மிட் ஆகியிருந்தப்போ தினமும் ஸ்கேனுக்கு வண்டி தள்ளிட்டுப் போனது இவர்தானே?"

இவர்தான். ஒல்லியான உடம்பை வைத்துக்கொண்டு, லிஃப்ட் வேலை செய்யாத ஒரு நாள், அப்பாவை இரண்டு மாடி தூக்கிக்கொண்டு ஏறியதும் இவர்தான். "பெரியவர் பஞ்சு மாதிரி இருக்கார் சார், ஒண்ணும் கஷ்டமில்ல," என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். அதற்கு அடுத்த நாளும் அகராதி அலுவலகம் வந்து அந்தச் சர்வரைத் திறந்து வேலை பார்த்திருக்கிறார். அந்தப் பெயர் அதில் அப்படியே இருந்திருக்கிறது.

"யார் போட்டது இதெல்லாம்?"

"முன்னாடி இங்க ஒருத்தர் இருந்தார் மேடம், நெட்வொர்க்ல. இப்ப வெளிநாட்டுல..." நாக்கு தானாக ஆரம்பித்துவிட்டது. எவ்வளவு சுலபமாக ஆரம்பித்தது! சிநேகிதர் எங்கோ இருக்கிறார், கேட்க வரப் போவதில்லை. இன்னும் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், கையெழுத்து விழுந்துவிடும். ஆனால் கண்காணிப்பாளர் அம்மாவின் விரல் இன்னும் இருபத்திரண்டாம் வரி மேலேயே இருந்தது.

"இல்ல மேடம். நான்தான்."

கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"ஃபீல்டு உண்டாக்கினது நான். எழுதினதும் நான்தான், பாதிக்கு மேல. எண்ணை நோட்டுல எழுதாம விட்டதும் நான். காலையில மெயில் அனுப்பினேனே மேடம், அந்த அம்மா கவனமில்லாம எழுதினாங்கன்னு? கடைசிப் பிழை அவங்களோடது இல்ல. நோட்டைப் பார்த்து எண்ணைச் சரியாத்தான் எடுத்தாங்க. முதல் ரெண்டும் சின்னது. எல்லாரும் பண்றது. நானே பண்ணியிருக்கேன். அதுல ஒண்ணைப் பார்த்த உடனே சொல்லியிருக்கலாம், வேணும்னே சொல்லாம உட்கார்ந்திருந்தேன்."

ஐம்பத்திரண்டு வயது மனுஷர் வகுப்பில் பெஞ்சு மேல் நிற்கிற மாதிரி நின்றார். திட்டினால் தேவலை என்று இருந்தது. அவர் திட்டவில்லை. கையெழுத்துப் போட்டார்.

"மெயிலை நீங்களே திருத்தி அனுப்புங்க. காலையில யாருக்கெல்லாம் அனுப்பினீங்களோ அத்தனை பேருக்கும். மத்ததை அப்புறம் பேசுவோம்." தாளை நீட்டினார். "எனக்குச் சிடுமூஞ்சின்னு பேர் இருக்கறது தெரியும். எழுதி வச்சிருக்கீங்கன்னுதான் தெரியாது."

திரும்பி வந்து அவர் முதலில் மெயிலைத்தான் எழுதினார். நாலு வரி எழுத நாலு தடவை அழித்தார். பிறகு அந்த அம்மா முப்பத்தொரு பேருடைய கட்டத்தையும் காலி செய்தார், பழைய கோப்பின் அடியிலிருந்து வரையறையை எடுத்தார், சர்வரை நிறுத்தி எழுப்பினார். ஒரு முனகல் இல்லாமல் எழுந்தது. போனில் ஸ்டோர் கீப்பரைத் தட்டினார். அவசர எண்ணோடு நின்றது. மணி பதினொன்று ஐம்பது.

பன்னிரண்டுக்குக் கண்காணிப்பாளர் அறைக்குப் போனவர் இருபது நிமிஷத்தில் திரும்பி வந்தார். "இங்கயே இருக்கச் சொல்லிட்டாங்க சார்," என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அகராதிக்கு அப்போது வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் போல் இருந்தது.

"ரொம்ப சந்தோஷம்மா. என் மேல கோபம் இருக்கும். ஆனா நல்ல வேளை, அந்தப் பட்டியல்ல உங்க பேர் இல்ல."

"இருந்துச்சு சார்."

அவர் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா கீபோர்டு மேல் கையை வைத்தபடியே பேசினார். குரலில் சூடு இல்லை.

"முப்பத்திரண்டு பேர் சார். மூணு மாசம் முன்னாடி இங்க வந்து, டைரக்டரில கை வைக்கிற உரிமை கிடைச்ச அன்னிக்கே என்னுதை எடுத்துட்டேன். மத்தது என்னுது இல்லையே, அதனால தொடல."

"உங்களுக்கு எப்படி... அது யாருக்கும் தெரியாதே?"

"எக்ஸ்சேஞ்ச் திரையையும் நீங்கதானே சார் அமைச்சீங்க? அதுலயும் நட்சத்திரம்தான். யார் பேரைத் தட்டினாலும் எல்லாம் வரும். நாங்க நாலு ஆபரேட்டர். நாலு பேரும் பத்து வருஷமா தினமும் பார்த்தோம். வார்டு உதவியாளர் போனப்போ அவங்க வீட்டு நம்பரைத் தேடி எடுத்தது நான். அன்னிக்கும் பல்லின்னுதான் வந்துச்சு."

அகராதி தன் நாற்காலியை அவர் பக்கமாகத் திருப்பினார்.

"அழுமூஞ்சின்னு போட்டிருந்தீங்க. சரிதான், அழுதேன். அப்ப எங்க அக்கா நாலாவது மாடியில அட்மிட் ஆகியிருந்தா. 'நாலாவது மாடிக்குக் கொடுங்க'ன்னு ஒவ்வொரு கால் வர்றப்பவும் நான்தான் இணைக்கணும். லீவு கேட்டேன், கிடைக்கல. அக்கா போனப்புறமும் அந்தப் பேர் போகல. எங்க ஆபரேட்டர்ல ஒருத்தி அழிச்சுத் தரச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம்னா. யார்கிட்ட போய்க் கேக்கறது? அப்பத்தான் இந்தச் சர்வர் வேலையைப் படிக்க ஆரம்பிச்சேன்."

"நான்தான்னு இன்னிக்குத்தானே தெரிஞ்சுது?" என்று கேட்டார் அகராதி. கேட்ட உடனேயே ஏன் கேட்டோம் என்று இருந்தது.

"இல்ல சார். எங்களுக்கு அப்பவே தெரியும். இந்த அறையில இருந்த எல்லாருக்கும் பேர் இருந்துச்சு, உங்க சிநேகிதருக்குக்கூட. உங்களுக்கு மட்டும்தான் இல்ல."

அகராதிக்கு மன்னிப்பு என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. இன்று காலையிலிருந்து தன் வாயிலிருந்து வந்த எல்லாவற்றையும் நினைத்தபோது, அதையும் அந்த வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தது. பத்து வருஷம். பத்து வருஷமாக எக்ஸ்சேஞ்சுக்குப் போன் செய்து "எக்ஸ்சேஞ்சா, நான் அகராதி பேசறேன்" என்று சொல்லியிருக்கிறார். மறுமுனையில் மரியாதையாக "சொல்லுங்க சார்" என்று வந்திருக்கிறது. அந்த மரியாதையை அவர் எடுத்து மாட்டிக்கொண்டு நடந்திருக்கிறார், வெட்கங்கெட்டுப் போய்.

அந்த அம்மா நீல நோட்டைத் திறந்து, இருபத்தெட்டுக்கு நேரே தன் பெயரையும் 'அவசர எண்' என்பதையும் தேதியையும் எழுதினார். பிறகு நோட்டைத் திருப்பி, பேனாவை அதன் மேல் வைத்து, அவர் முன்னால் நகர்த்தினார்.

"இருபத்தேழு காலியா இருக்கு சார்."

"அந்த ஃபீல்டுதான் போயிடுச்சே," என்றார் அவர் பலவீனமாக.

"ஃபீல்டே போனாலும் எண் போகாதுன்னு எழுதியிருக்கே சார். காலியா விட்டா நாளைக்கு இன்னொருத்தர் தெரியாம எடுப்பாங்க."

அவர் பேனாவை எடுத்தார். யார் எடுத்தது என்ற பத்தியில் தன் பெயரை எழுதினார். தேதிப் பத்தியில் பத்து வருஷத்துக்கு முந்தைய வருஷத்தை எழுதினார். நடுவில் இருந்தது, எதற்கு எடுத்தது என்ற பத்தி. 'சோதனைக்காக' என்று எழுதினால் யாரும் கேட்கப் போவதில்லை. அப்படி எழுதிய எண்கள் நோட்டில் நாலைந்து உண்டு. பேனா முனை தாளைத் தொட்டபடி நின்றது. மை ஒரு புள்ளியாக ஊறியது.

பக்கத்து நாற்காலியில் அந்த அம்மா திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவசரப்படுத்தவில்லை.

'ஆட்களைக் கேவலப்படுத்த,' என்று எழுதினார் அவர். முத்து முத்தான கையெழுத்து அந்த ஒரு வரியில் மட்டும் கோணல்மாணலாக விழுந்தது. மை காயும் வரை நோட்டை மூடாமல் வைத்திருந்தார்.